நூறடியில் என்ன தெரிந்தது

ஏழாம் முறை கோப்பு திரும்பி வந்திருக்கிறது.
ஒரே கேள்வி:
"நூறடி உயரத்தில், கருவியின்றி,
வெறுங்கண்ணுக்கு என்ன தெரிந்தது?"

மார்கழி. சின்னியம்பாளையத்துக்கு மேலே
மில்லின் பஞ்சறைக்குள் நுழைந்த மாதிரி பனி.
மூக்கிலிருந்த கேமராவுக்குச் சூடு மட்டும்தான் தெரியும்.
இரவெல்லாம் இரும்பு உருக்கிய அரசூர்க் கூரைகள்
திரையில் வெள்ளையாய் எரிந்தன.
அவினாசி ரோட்டில் லாரி டயர்கள்.
வேலியோரம் ஒரு நாய், மடியில் நாலு குட்டி.
தாரின் மிச்சச் சூட்டில்
சாம்பல் பட்டையாய் ஓடுபாதை.

விளக்குகளைக் காணோம்.
கரண்டு மிச்சமென்று போன ஆடியில்
எல்லாம் எல்இடி ஆகிவிட்டன.
சுடாத வெளிச்சம்
கேமராவுக்கு இருட்டு.

"சித்த பொறுங்க" என்றார் கேப்டன் நவமணி,
யாரிடமென்று தெரியவில்லை.
டெல்லியிலிருந்து வந்த குல்கர்ணி
பேனா மூடியைத் திறக்கவேயில்லை.

நூற்றிருபது.
நூற்றுப்பத்து.
நூறு.

கண்ணாடிக்கு வெளியே பஞ்சு.
அவர் கை த்ராட்டிலை முன்னே தள்ளியது.
நாயும் குட்டிகளும் கீழே நழுவிப் போயின.

எழுதினேன்:
"ஒன்றும் தெரியவில்லை. மேலேறினோம்."
நாய்க்குப் படிவத்தில் கட்டமில்லை.

அதற்குத்தான்
குல்கர்ணி முதல்முறையாக ஒரு டிக் போட்டார்.
இன்னும் பதினொரு கட்டம் காலி.
நாளைக்கும் பனி இருக்குமென்கிறார்கள்.