ஆவி வரி

பதினேழாம் எண் படிவத்தில் நாலு கட்டம்:
வீட்டின் பெயர், பானையின் வாய் அகலம்,
ஒரு நாளைக்கு எழும்பும் ஆவி, கட்டிய தொகை.
நான் ஆவிக்கணக்கன், சாத்தான்குளம் வட்டம்.
இட்லிக் கொப்பரையிலும் நெல் அவிக்கிற அண்டாவிலும்
மூடியைத் துளைத்துப் பித்தளை மீட்டர் மாட்டுகிறவன்.
பிரசவ வீட்டு வெந்நீருக்குப் பாதி வரி.
பிணம் குளிப்பாட்டும் வெந்நீருக்கு முழு வரி.

"எங்க ஆவி போற அன்னைக்கும் துட்டு கேப்பீராவே?"
பதநீர் காய்ச்சிக்கொண்டே ஞானப்பூ கேட்டாள்.
விதிப்புத்தகத்தைப் புரட்டினேன்.
அதைப் பற்றி ஒன்றும் போட்டிருக்கவில்லை.

பாபநாசத்தில் கம்பெனியின் கொதிகலன்கள் பன்னிரண்டு.
அங்கே கிளம்பும் குழாய்
ஆற்றோடு இறங்கி, அம்பாசமுத்திரம், சேரன்மகாதேவி என்று
தெருத்தெருவாய் விசிறி சுற்றும், விளக்கு எரிக்கும்.
தெருத்தெருவாய் என்றது பொய்.
கீழத்தெரு வந்ததும் முழங்கையை மடக்கி
வயக்காட்டைச் சுற்றிக்கொண்டு போகும்.
அந்த வளைவுக்கு மட்டும் கூடுதல் இரும்பு நாற்பது டன்.
வரைபடத்தில் எழுதிய காரணம்: மண் இளக்கம்.

ஸுஹுரா தூத்துக்குடியில் இறங்கினாள்,
மொம்பாசாக் கப்பலின் அடுப்பறையிலிருந்து.
நடுக்கடலில் வெடிக்க இருந்த கொதிகலனை
அவள் அடக்கினாள்; கேப்டனுக்குப் பதக்கம் கிடைத்தது.
தேரிக்கு நடந்து வந்து செம்மணலை அள்ளி முகர்ந்து
"இரும்பு" என்றாளாம். அவள் கற்ற முதல் தமிழ்ச் சொல்.
இந்த மணலில் எந்த வண்டியும் ஓடாது என்றார்கள்.
அப்போது இரண்டாவதையும் கற்றுக்கொண்டாள்:
"எவன் சொன்னான்?"

அவளுக்கும் ஞானப்பூவுக்கும் பொதுவாக
ஒரு வாக்கியம்கூடக் கிடையாது.
பாகு முறுகும் சத்தமும் கொதிகலன் முறுகும் சத்தமும்
இரண்டு பேருக்கும் தெரியும். அது போதுமாயிருந்தது.

பனங்காட்டுக்குள் ஆறு மாசம் சுத்தியல் சத்தம்.
ஊர் மீட்டர்கள் ஒவ்வொன்றாய்க் காணாமல் போயின.
எலி, என்று அறிக்கை எழுதினேன்.
மறு மாசமும் எலி.

ஆனித் தேரோட்டம் முடிந்த மறுநாள் ராத்திரி
மணல்மேடு ஒன்று இருமிவிட்டு எழுந்து நின்றது.
பனந்தண்டில் எட்டுக் கால், நண்டுபோல.
மூட்டுக்கு மூட்டு நான் மாட்டிய பித்தளை.
வயிற்றில் கருப்பட்டி அடுப்பு; மூச்சு விட்டால்
நாலு ஊருக்கு இனிப்பு வாசம்.
தேர் என்றார்கள் பிள்ளைகள்.
வடத்தைத் தேடிப் பார்த்தேன். இல்லை.
யார் தொடலாம், யார் தள்ளி நிற்க வேண்டும் என்று
சண்டை போட அதில் கயிறே இல்லை.

மூன்று ராத்திரி நடந்து அந்த வளைவில் போய்க் குந்தியது.
ஸுஹுரா முழங்கையை அறுத்தாள்.
கீழத்தெருவின் நடுவே குழாய் நேராக ஓடியது.
மண் இளகவில்லை.
விடியும்போது சிப்பாய்கள் வந்தார்கள்.
இரண்டு கால் ஒடிந்தது, ஞானப்பூவின் இடது கை வெந்தது,
மாடத்தி மகன் உலகநாதன் எழுந்திருக்கவே இல்லை.
பதினாறு வயசு. அவனைக் குளிப்பாட்ட
அந்தக் குழாயிலிருந்துதான் வெந்நீர் பிடித்தார்கள்.

ஸுஹுராவைப் பிடிக்க முடியவில்லை.
அவள் ஊரில் அந்தப் பெயருக்கு விடிவெள்ளி என்று அர்த்தமாம்;
சிப்பாய்களுக்கு அது தெரியாது,
வானத்தை அவர்கள் தேடவில்லை.

என்னை அளக்க அனுப்பினார்கள். அளந்தேன்.
வீட்டின் பெயர்: கீழத்தெரு முழுவதும்.
கட்டிய தொகை: முன்பே கட்டியாயிற்று.
ஓரத்தில் மேலிடம் சிவப்புப் பென்சிலால் கேட்டிருக்கிறது:
எப்போது?

நாலாவது கட்டம் இரண்டு விரல் அகலம்.