முந்நூறு சொற்களுக்குள்

"சிறு வயது முதலே சேவை செய்ய…"
அடித்தேன்.
குளச்சல் நெட் சென்டரில் மூன்று மேசையிலும்
அதே சிறு வயது, அதே சேவை.

"உள்ளத எளுது பிள்ளே" என்றாள் மெர்ஜினா,
பிரிண்டரில் சிக்கிய தாளை இழுத்தபடி.

உள்ளது:
கரண்டு போன அரசு ஆஸ்பத்திரி.
அப்பாவின் உள்ளங்கையில் சூரைத் தூண்டில்.
நர்ஸ் கீற, நான் டார்ச் பிடித்தேன்.
அப்பா முகத்தைத் திருப்பிக்கொண்டார்.
நான் திருப்பவில்லை.
தோலுக்கடியில் வெள்ளையாய் ஒரு நரம்பு,
விரல் அசைந்தால் அதுவும் அசைந்தது.
அதன் பெயர் தெரியவேண்டும் போலிருந்தது.
அவர் முனகியது
பிறகுதான் கேட்டது.

இதை எழுதினால் எடுப்பார்களா?

'பிறகுதான்' என்பதை
நான்கு முறை அழித்தேன்.
ஐந்தாம் முறை விட்டுவிட்டு
வெளியே வந்து போன் போட்டேன்:
"அப்பா,
மோதிர விரல் இப்ப
முழுசா மடங்குதா?"