ஐந்து மில்லிவோல்ட்

கத்திரி முடிய இன்னும் பதினோரு நாள்.
மஞ்சக்குப்பம் மாடியறையில்
இரவு ஒன்றரைக்கும் சுவர் சுடுகிறது.
பிராசஸர் தொண்ணூற்றேழு டிகிரி.
லாரி மேடேறுவதுபோல் விசிறி கத்த,
கீழ்வீட்டு ஜெசிந்தா அக்கா
துடைப்பக்கட்டையால் கூரையை இடிக்கிறார்.

பக்கப் பலகையைக் கழற்றினேன்.
திருகுகளில் உப்புக்காற்றின் துரு.
பழைய பேஸ்ட் காய்ந்த சுண்ணாம்பாய் உதிர்ந்தது.
புதிதாக, துவரம்பருப்பு அளவு.

பிறகு வோல்டேஜ்.
ஐந்தைந்து மில்லிவோல்ட்டாகக் குறைத்தேன்.
எண்பத்தொன்பது.
எண்பத்துமூன்று.
ஆட்டத்தில் ஒரு ஃபிரேம்கூடக் குறையவில்லை.
குறைத்தது அதற்குத் தெரியவேயில்லை.

எழுபத்தாறில் பேராசை.
இன்னும் ஒரு ஐந்து.
கடைசி வட்டம், எதிரே ஒரே ஒருவன்,
நீலத்திரை.
செல்லில் வேம்புலி: டேய், எங்கடா போன?

சிப்காட்டில் எங்கள் கான்டிராக்டரும்
இப்படித்தான்.
முதலில் நாலு மணி டீ.
அப்புறம் ஓவர்டைம்.
போன மாதம் ஷிப்டுக்கு ஓர் ஆள்.
உற்பத்தி அப்படியே இருக்கிறதே என்று
மேலும் கீழும் பார்க்கிறார்.
நாங்கள் இன்னும் நீலமாகவில்லை.

பத்து மில்லிவோல்ட் திருப்பிக் கொடுத்தேன்.
எழுபத்தெட்டு. நின்றது.
விசிறி தணிந்த அறையில்
முதல்முறையாகக் கேட்டது,
கீழே ஜெசிந்தா அக்காவின் இருமல்.