டிசம்பர் வரிசையில் ஒரு கோடு

மாதத்துக்கு ஆறு விரால்.
செம்பரம்பாக்கம் கரையில் தேசப்பன்
ஈரச் சாக்கில் சுற்றித் தருவார்.
பேருந்தில் மடியில் வைத்து வருவேன்.
குன்றத்தூர் தாண்டியும் ஒன்று
என் தொடையைத் தட்டிக்கொண்டிருக்கும்.

ஆய்வகத்தில் அவற்றுக்குப் பெயர்
வி-பெ-7, வி-ஆ-3.
நூற்றைந்து டிகிரி அடுப்பில் ஓர் இரவு.
காலையில் எடை குறைந்திருந்தால்
குறைந்தது தண்ணீர்.
ஈதரில் கரைந்து வருவது கொழுப்பு.
மிச்சத்தில் ஒரு கிராம் பொடியை
எஃகுக் குண்டுக்குள் அடைத்து
ஆக்ஸிஜன் ஏற்றிப் பற்றவைப்பேன்.
வெளியே சூழ்ந்திருக்கும் தண்ணீர்
இரண்டு டிகிரி ஏறும்.
அவ்வளவுதான் ஒரு மீனின் கோடை.

மே மாதம் ஏரி சுருங்கிச்
சின்ன மீன்களுக்கு ஒளிய இடமில்லை.
விராலுக்கு அது கல்யாண வீடு.
ஜூலையில் வயிற்றைக் கீறினால்
குடலைச் சுற்றி உறைந்த நெய்யாய் ஒரு நூல்.
செப்டம்பரில் அந்த நூலைக் காணோம்.
யாரும் திருடவில்லை,
முட்டைப் பைக்குள் மஞ்சளாக
வீடு மாறியிருந்தது.

நவம்பரில் முட்டையும் இல்லை, நூலும் இல்லை.
எடை மட்டும் ஏறக்குறைய அப்படியே.
தராசைச் சரிபார் என்றார் வழிகாட்டி.
தராசில் ஒன்றுமில்லை, சார்.
கொழுப்பு எழுந்துபோன நாற்காலியில்
தண்ணீர் வந்து உட்கார்ந்துகொள்கிறது.
நூற்றுக்கு எழுபத்தைந்து எண்பத்தொன்றாகிறது.
வெளியிலிருந்து பார்க்க
அதே மீன்.

அந்த மாதம் ஓர் ஆண்.
குடலில் ஒரு பூச்சிக் கால்கூட இல்லை.
போனில் கேட்டேன்.
"குஞ்சு காவல்ல இருந்ததும்மா.
மேல செவப்பா ஒரு கூட்டம் மெதந்துச்சு,
அடியில இது."
ஏன் பிடித்தீர்கள் என்று கேட்கவில்லை.
ஆறு வேண்டும் என்றது நான்.

பிறகு மழை.
மதகு திறந்த அன்றிரவு
ஜாபர்கான்பேட்டையில் எங்கள் தெருவுக்குள்
அடையாறு வந்தது, செருப்போடு.
கரண்ட் இல்லை. ஆய்வகம் எங்கோ
ஒரு கரைக்கு அந்தப்பக்கம்.
மூன்றாம் நாள் காலை
மாடிப்படியில், கீழிருந்து ஐந்தாம் படியில்,
ஒரு விரால்.
கலங்கிய தண்ணீரில் பாதி உடம்பு, காற்றில் வாய்.

எஸ்தர் அக்கா பக்கெட்டைக் கவிழ்த்து அமுக்கினாள்.
என் பையில் ஸ்பிரிங் தராசு இருந்தது:
நானூற்றுப் பத்து கிராம்.
நீளத்துக்கு அவள் தையல் டேப்.
எதற்கு என்று அவளும் கேட்கவில்லை,
நானும் யோசிக்கவில்லை.

இருந்த எண்ணெய் விளக்குக்கு.
உப்பு மட்டும் தடவி வெறும் கல்லில் போட்டாள்.
கல் முழுக்கத் தண்ணீர். சத்தம்.
தோல் ஒட்டிக்கொண்டு கிழிந்தது.
"நல்ல மீன்னா கொஞ்சமாச்சும் எண்ணெ விடும்.
இது பெத்துப் போட்டுட்டு வந்திருக்கு" என்றாள்,
கரண்டியால் சுரண்டிக்கொண்டே.
ஈதர் இல்லை, அடுப்பு இல்லை,
அவளுக்கு அரை நிமிடம் ஆனது.

நாலு பேர். ஆளுக்கு நாற்பது கலோரி இருக்கும்,
அரை வாழைப்பழம்.
கணக்குப் போடாமல் இருக்க முடியவில்லை.
அவள் பையன் ஜாபேஸ் முள்ளையும் மென்றுவிட்டு
ஈரப் பாயில் தூங்கிப்போனான்.
என் பங்கில் பாதியை நானும் வைத்துவிட்டேன்,
பசிக்கவில்லை என்று பொய் சொல்லி.
பூச்சிக் கால்கூட இல்லாத அந்தக் குடல்
அப்போதுதான் நினைவுக்கு வந்தது.

என் அட்டவணையில் டிசம்பருக்கு நேராக
ஒரு சின்னக் கோடு.
அடியில், பொடி எழுத்தில்:
மாதிரி கிடைக்கவில்லை.

வாய்மொழித் தேர்வில் அதைத் தொட்டார் ஒருவர்.
"ஒரு புள்ளிதானே, ஊகிக்கலாமே?"
வரைபடத்தைத் தன்பக்கம் திருப்பி
நவம்பரையும் ஜனவரியையும்
பென்சிலால் அழகாகச் சேர்த்தார்.

நல்ல வளைவு.
ஐந்தாம் படிக்கு
மேலேயே போய்விட்டது.