சொட்டும் இடம்

வேலைச் சீட்டில் இருந்தது இவ்வளவுதான்:
அஜ்மான், நுஐமியா, தரைத்தளம், நான்காம் எண்.
ஏசி குழாயில் ஒழுகல். அவசரம்.

புகார் கொடுத்தது கட்டடக் காவலாளி.
வீட்டுக்காரி நிஸ்ரீன்
கதவைப் பாதிதான் திறந்தாள்.
"ஒழுகட்டும்" என்றாள்.
பதினோரு வருடத்தில்
இப்படியொரு வாடிக்கையாளரை நான் பார்த்ததில்லை.

பின்பக்கம் கூட்டிப்போனாள்.
ஆகஸ்ட் மாதம். சுவரில் கை வைக்க முடியாது.
குழாய் நுனியிலிருந்து நொடிக்கொரு சொட்டு,
அதன் கீழே
ஒரு பாய் விரித்த அகலத்துக்கு
சிவந்த தண்டு, சதைப்பிடிப்பான குட்டி இலை.
தெரிந்த முகம்தான்.
பருப்புக்கீரை!
எங்கள் மிளகாய்க் கொல்லையில்
கூலி கொடுத்துப் பிடுங்கி எறிகிற சனியன்.

"பக்லே" என்றாள் அவள்.
ஜெனினிலிருந்து கோட்டுப் பையின் மடிப்பில்
கடுகைவிடச் சின்ன விதையாய் வந்ததாம்.

ஏணியை மடக்குமுன் ஒரு தட்டு வந்தது.
மூன்று தண்ணீரில் அலசிய பச்சைக் கீரை,
வெள்ளரி, தக்காளி,
மொறுமொறுவென்று காய்ந்த ரொட்டி,
சுமாக் என்கிற புளிப்புப் பொடி.
ஓரத்தில் பழுப்பு மைசூர்ப்பருப்பும் அரிசியும் சேர்ந்து வெந்தது,
அதன்மேல் கருக வதக்கிய வெங்காயம்.
ஆலிவ் எண்ணெய் தொண்டையில் மிளகாய்க் காறியது.
இருமினேன்.
"இருமல் வந்தால் நல்ல எண்ணெய்"
என்று சிரித்தாள்.

போன மாதம்தான்
கம்பெனி மருத்துவச் சோதனையில்
என் ரத்தத்தை எண்ணால் திட்டியிருந்தார்கள்.
டிரைகிளிசரைடு முந்நூற்றுப் பன்னிரண்டு.
மெஸ் பரோட்டா, சால்னா, பச்சை நிறக் குளிர்பானம்,
மூன்றும் அதில் கையெழுத்துப் போட்டிருந்தன.
என்ன சாப்பிடுகிறாய் என்று டாக்டர் கேட்கவில்லை,
எனக்குப் பின்னால் நாற்பது பேர்.
மாத்திரை எழுதினார்.

அந்தத் தாள் சட்டைப்பையிலேயே இருந்தது. காட்டினேன்.
"இது மருந்தில்லை" என்றாள்,
"மத்தியானச் சாப்பாடு.
கறி வாங்கக் காசில்லாதவர்கள் சமைத்தது.
இப்போது ஆஸ்பத்திரிச் சுவரில்
படம் போட்டு ஒட்டியிருக்கிறார்கள்."

அழைப்புமணி அடித்தது.
வறுத்த கோழி, இரண்டு பெட்டி.
உள்ளறையிலிருந்து மகன்கள் இருவரும்
எங்கள் தட்டைத் தாண்டி ஓடினார்கள்.
அவள் கோபப்படவில்லை.
ஒரு இலையைக் கிள்ளி விரலில் உருட்டினாள்.
"விதையை ஃபிரிட்ஜில் வைத்துக் காப்பாற்றிவிடலாம்.
தின்னத் தெரிந்த வாயை
எதில் வைப்பது?"

எனக்குப் பதில் தெரியவில்லை.
தெரிந்தது குழாய்.
கிளிப்பைத் தளர்த்தி
ஒரு சாண் இடப்பக்கம் திருப்பி வைத்தேன்,
வாடிக்கிடந்த மூலையிலும் சொட்டும்படி.
சீட்டில் எழுதினேன்: ஒழுகல் சரிசெய்யப்பட்டது.
காவலாளி படித்துப் பார்த்துத் தலையாட்டினார்.

வேனில், ஸ்பேனர்களுக்கு நடுவே
செய்தித்தாளில் சுற்றிய ஒரு கட்டு.
சிக்னலில் ஒரு தண்டைக் கடித்தேன்.
புளிப்பு, கொஞ்சம் வழவழப்பு.
முந்நூற்றுப் பன்னிரண்டை இது என்ன செய்யுமோ!
பக்கத்து சீட்டில் இருந்த செல்லையா
முகத்தைச் சுளித்தபடி
கையை நீட்டினான்.