இடப்பக்கத்து ஸ்பிரிங்

சாய்வு நாற்காலியைக் கவிழ்த்ததும்
வயிறு தெரிந்தது.
கிழிந்த கறுப்புத் துணி, துரு,
கொக்கி தேய்ந்து தொங்கும் ஸ்பிரிங்.

ஜே.சி. ரோட்டில் ஏழு கடை.
"இதெல்லாம் கம்பெனியிலதான் கேக்கணும் மேடம்."
எட்டாவதில் நயாஸ்
ஒரு ஸ்கூட்டர் ஸ்டாண்டு ஸ்பிரிங்கை
இழுத்துக் காட்டினான்.
"வண்டியவே தாங்குது, உங்கள தாங்காதா?"
அறுபது ரூபாய்.

மாட்டும்போது விரல் நசுங்கி
பக்கத்து வீட்டுக்குக் கேட்கக் கத்தினேன்,
கன்னடத்தில்.

நைட் ஷிப்ட் முடிந்து
காலை ஏழரைக்கு
ஜன்னல் திரையை இழுத்துவிட்டுப்
பிடியைத் தூக்கினால்
கால்பலகை எழும்புகிறது,
இடப்பக்கம் சட்டென்று
வலப்பக்கம் யோசித்து யோசித்து.

கோணலாகத்தான் தூங்குகிறேன்.
தூக்கம் நேராகத்தான் வருகிறது.

எழும்போது மட்டும்
ஸ்டாண்டு எடுத்த வண்டிபோல
முன்னால் ஒரு உந்து.
எதிரே ஃப்ரிட்ஜ்.
கை நீட்டி
பிரேக் பிடிக்கிறேன்.