உள்ளூர் விலை

ஒரு தீவு வேண்டும், அவ்வளவுதான் கேட்டார்கள்.
பரீட்சைத் தாள் திருத்திய சிவப்பு மை
விரலை விட்டுப் போகாத வியாழன் இரவு,
மஸ்கட்டில், மரிசெல்லின் சமையலறையில்
ஈஃபா கைப்பேசியில் கடல்களைத் தள்ளிக்கொண்டே போனாள்.
மாலைதீவு விலை. சான்சிபார் தூரம்.
இதைப் பார், இடுப்பளவுதான் ஆழம்,
நடந்துகொண்டே இருக்கலாமாம்.
பெயர்தான் வாய்க்குள் வருதில்லை. பா... சி...

பாசிக்குடா என்றேன்.
மிகச் சரியாகச் சொல்லிவிட்டேனோ என்று பயந்து
இன்னொரு தரம் கொஞ்சம் பிழையாகச் சொன்னேன்.
நான் இலங்கை என்று தெரியும் அவர்களுக்கு.
இலங்கை என்றால் கொழும்பு என்று அவர்கள் நினைத்ததை
ஏழு வருடமாக நான் திருத்தவில்லை.

புவியியல் ஆசிரியை நான்.
நாற்புறமும் நீர் சூழ்ந்த நிலம் தீவு:
வருடாவருடம் பலகையில் எழுதுவேன்.
எங்கள் பக்கம் ஒருவரும் தீவில் இருக்கவில்லை.
எழுவான்கரையில் இருந்தோம். ஆற்றுக்கு அங்கால் படுவான்கரை.
கடல் ஒரு பக்கம்.
மற்ற மூன்று பக்கத்தையும் யார் போய்ப் பார்த்தது?

அக்கா செங்கலடியில்.
இருபது கிலோமீற்றர் வராது.
சொல்லியிருந்தால் இறால் வாங்கியிருப்பாள்,
தலையணைக்கு உறை மாற்றியிருப்பாள்,
வேலை தேடும் மூன்று மருமக்களையும்
சான்றிதழ்களோடு முன்னால் நிறுத்தியிருப்பாள்.
வந்தது நாலே நாள்.
ஒரு நாளாவது நான் எவருக்கும்
வெளிநாட்டில் இருந்து வந்தவளாக இருக்கக் கூடாது,
வெளிநாட்டுக்காரியாக இருக்க வேண்டும்.

சாய்வு நாற்காலியில் கிடக்கையில் அவள் குரல் வந்தது:
"என்ன கா செய்றாய்? சாப்பிட்டியா? அங்க சரியான வெக்கையா?"
வெக்கைதான் என்று எழுதினேன்.
பொய் இல்லை.

மூன்றாம் நாள் தொப்பிகலைப் பக்கம் போக
ஓட்டோ பிடித்தோம். சாரதி வேணுதாஸ்.
போகும் வழியில் கைப்பேசியில் யாருக்கோ சொன்னார்:
"வெள்ளக்காரி ஒண்டு, பிலிப்பைன்ஸ் ஒண்டு,
மற்றது நம்மட ஆள் மாதிரிக் கிடக்கு. ஆனா இல்ல."
வெளியே பார்த்தேன். வயலில் கொக்குகள்.
நான்கு என்று எண்ணினேன், ஐந்து என்று எண்ணினேன்.

விலை கேள், உன் பாஷைதானே என்றாள் மரிசெல்.
இவர்களுடைய தமிழ் வேறு என்றேன்.
ஆறாயிரம் கேட்டார். ஆறாயிரம் கொடுத்தேன்.
இரண்டாயிரம் கூட என்று என் வயிறு சொன்னது.

திரும்பி வந்து இறங்குகையில் ஈஃபா கேட்டாள்,
நன்றிக்கு இங்கே என்ன சொல்வது?
இங்கே யாரும் நன்றி சொல்லுவதில்லை,
இப்படிச் சொல் என்று காதுக்குள் கொடுத்தேன்.
யோசிக்காமல் கொடுத்தேன்,
எப்போதும் படலையில் நின்று சொல்லுகிற மாதிரி.

அவள் அயர்லாந்து நாக்கால்
ஒரு எழுத்துச் சிந்தாமல் சொன்னாள்:
"போயித்து வாறன் கா."

வேணுதாஸ் இயந்திரத்தை நிறுத்திவிட்டுச் சிரித்தார்.
சிரித்து முடித்து என்னைப் பார்த்தார்.
"கா எண்டு ஆம்பிளையளுக்குச் சொல்றல்ல மிஸ்.
அது அக்கா தங்கச்சிக்கு."
மறுகா சட்டைப் பையில் கைவிட்டு
இரண்டாயிரத்தை எடுத்து நீட்டினார்.
எந்தப் பக்கம் என்று கேட்கவில்லை.
கேட்டிருந்தால் கொழும்பு என்றிருப்பேன்.

அவர் என்ன சொன்னார் என்றாள் ஈஃபா.
உச்சரிப்பு நல்லதாம் என்றேன்.

விமான நிலையத்துக்கு வான் விடியற்காலை.
சந்தியில் மேற்கே திரும்பினோம்.
தெற்கே போகிற பாதையில் ஒரு பஸ்,
உள்ளே விளக்கு எரிய, ஆளில்லாமல்,
நடத்துநர் மட்டும் வாசலில் தொங்கிக்கொண்டு
செங்கலடி, செங்கலடி என்று
எவரையோ கூப்பிட்டுக்கொண்டிருந்தான்.
தாள்கள் இரண்டும் இன்னும் கடவுச்சீட்டுக்குள் இருக்கின்றன.
மாற்றப் போனால் ஐந்து ரியால்கூடத் தேறாது.